கந்தோர்த் தோள்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் எழுதினால் முதலில் சுகம் விசாரிப்பதுதான் முறை. இன்றைக்கு நான் அதைச் செய்யப் போவதில்லை. உன் சுகம் எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நேற்றுக் காலை தபாற்காரன் வேலிப் படலையில் மணியடித்தபோது நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றேன். உன் எழுத்தைக் கண்டதும் ஈரக் கையோடு உடைத்துப் படித்தேன். அரசாங்கக் கந்தோரில் வேலை கூடிவிட்டது, கொழும்பில் விடாத மழை, மருமகள் சுகம் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "ஐயா, இந்த முறை வேட்டைத் திருவிழாவுக்குத் தடிக்கு வேறை ஆளைப் பிடியுங்கோ. நான் வந்து கும்பிட்டிட்டுப் போறன்." அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டாள்.

திருவிழாவில் நீ சுவாமியைத் தோளில் காவ மாட்டேன் என்று சொன்னதற்காக நான் கோபிக்கிறேன் என்று நினைப்பாய். அப்படியில்லை. வேட்டைத் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். அன்றைக்குக் குதிரை வாகனம் வீதி சுற்றும்போது முன் வலப்பக்கத் தடியில் எங்கள் வீட்டுத் தோள் ஒன்று இருக்கவேண்டும் என்பது என் ஆசைதான். ஆனாலும் ஆள் பிடிப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. படலையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொடியள் ஓடி வருவார்கள். என் கோபம் வேறு. உன் தோள் கெட்டுப்போயிருக்கிறது. அதைத் திருத்தலாம் என்று படித்த டொக்டர் ஒருவர் சொல்லிவிட்டார். நீ அதைத் திருத்துவதை விட்டுவிட்டு இன்னொருவனின் தோளைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாய். இதை எந்தத் தகப்பன் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பான்?

உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். எங்கள் கோயிலில் வாகனத்துக்கு ஆள் நிறுத்துகிறவர் செல்லத்துரை அண்ணை. ஆர் பணக்காரன், ஆர் ஆருடைய பிள்ளை என்று அவர் பார்ப்பதில்லை. வெறும் மேலோடு எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, உள்ளங்கையை ஒருவன் தோளில் வைத்து அடுத்தவன் தோளுக்கு அப்படியே தடவிக்கொண்டு போவார். கை ஏறி இறங்கினால் ஆளை மாற்றுவார். கொஞ்சம் பதிந்தவனுக்குச் சால்வையை மடித்துத் தோளில் சும்மாடு வைப்பார். தடி மட்டமாக இருந்தால்தான் சுவாமி சாயாமல் போகும். நீ பள்ளிக்கூடம் முடித்த வருடம் முதன்முதலாக வந்து என் பக்கத்தில் நின்றாய். அவர் என் தோளில் வைத்த கையை உன் தோளுக்கு இழுத்தார். கை தட்டுப்படாமல் போயிற்று. "அப்பனும் மோனும் ஒரு மட்டம். ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில நில்லுங்கோ" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம், உனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டதென்று கடிதம் வந்த நாளில்கூட வரவில்லை. இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு நீ கந்தோருக்குப் போனாய். காலையில் கதிரையில் இருந்தால் மத்தியானம் எழும்பி, சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் வந்து இருந்து, பொழுதுபட எழும்புகிற வேலை. நான் ஒருமுறை கொழும்புக்கு வந்தபோது உன் கந்தோருக்குள் வந்து பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கதவடியில் நின்று உன்னைத் தேடினேன். வரிசையாகக் கிளாக்கர்மார். மேசை தாழ்வு, கதிரை உயரம். பைல்களை மேசையில் படுக்க வைத்துவிட்டு அவற்றின்மேல் எல்லோரும் கவிழ்ந்துகிடந்தார்கள். எல்லா முதுகும் ஒரே மாதிரி. பெற்ற தகப்பனுக்கு எது தன் பிள்ளையின் முதுகு என்று தெரியவில்லை. பியோனைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். நீ வெளியே கூட்டிப்போய்த் தேத்தண்ணி வாங்கித் தந்தாய், நானும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அது போதாதென்று சிங்கள மொழிச் சோதனை வந்தது. பாஸ் பண்ணாவிட்டால் சம்பளம் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். வளர்ந்த ஆம்பிளை நீ, அரிவரிப் பிள்ளைமாதிரி அறைக் கட்டிலில் இருந்து மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாய். அப்படிச் சட்டம் போட்டவர்களோடு எனக்கிருக்கிற கோபத்தை எழுதத் தொடங்கினால் தாள் காணாது. ஆனால் தம்பி, கொப்பியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி வைத்துப் படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த வளைவு நீயாகப் போட்டுக்கொண்டது.

ஒவ்வொரு லீவுக்கும் நீ வர வர முதுகு வளைந்துகொண்டு வந்தது. முன்னெல்லாம் தெல்லிப்பழை ஸ்டேசனில் ரயிலை விட்டு இறங்கினால் உன் நெஞ்சுதான் முதலில் தெரியும். பிறகு தலை முன்னுக்கு வரத் தொடங்கியது, தோள் இரண்டும் காதுக்குக் கீழே உருண்டு முன்னால் மடிந்தன. ஊர் என்ன செய்ததென்று நினைக்கிறாய்? மெச்சியது. பொக்கற்றில் ஒரு பேனையும் கொஞ்சம் வளைந்த முதுகும் இருந்தால் அரசாங்க உத்தியோகம் என்று எங்கள் சனத்துக்கு ஒரு எண்ணம். நிமிர்ந்து நிற்கிறவன் தோட்டம் கொத்துகிறவன். "கந்தோர்த் தோள்" என்று அதற்குப் பெயர் வைத்தவள் உன் அம்மா. கோயிலுக்கு நீ சேட்டைக் கழற்றிவிட்டு வந்தால், பக்கத்தில் நிற்கிற பெண்டுகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுவாள். ஏதோ கழுத்தில் சங்கிலி கிடக்கிறமாதிரி.

உன் கலியாணம் பேச மருமகளின் மாமன் வந்தபோது நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அந்த மனுசன் இருந்த நேரம் முழுக்க நீ தலையை நிமிர்த்தவில்லை. உனக்குக் கழுத்துப் பிடித்திருந்தது, அது எனக்கும் உனக்கும்தான் தெரியும். அவர் எழும்பிப் போகும்போது, "நல்ல அடக்கமான பொடியன். இந்தக் காலத்தில உப்பிடி ஒருத்தனைக் காணேலாது" என்றார். உன் அம்மா உடனே, "ஓம், எங்கடை பிள்ளை குனிஞ்ச தலை நிமிராது" என்றாள். பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற சொல்லை ஆம்பிளைப் பிள்ளைக்குச் சொல்லி அதிலும் ஒரு பெருமை. நான் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தேன். நல்ல சம்பந்தம் பொருந்துகிற நேரத்தில் வாயைத் திறக்க எனக்கென்ன விசரா?

போன வருடம் வேட்டைத் திருவிழாவில் அந்தப் பெருமையெல்லாம் வெளுத்துப்போயிற்று. என் முழங்கால் ஏலாது என்று நான் தடியை விட்டு, என் இடத்தில் உன்னை நிறுத்தினேன். செல்லத்துரை அண்ணை கையைத் தடவிக்கொண்டு வந்தார். உன் தோளில் கை நிற்கவில்லை, நெஞ்சுப் பக்கமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் சும்மாடு வைத்தார். பிறகு அதை இரட்டையாக மடித்து வைத்தார். கிழக்கு வீதி வரைக்கும் சமாளித்தாய். குதிரையை ஆட்டுகிற இடம் வந்ததும் மேளம் கூடியது, பொடியள் வாகனத்தை உன்னித் தூக்கினார்கள். தடி உன் தோளால் வழுக்கி நெஞ்சு எலும்பில் இறங்கியது. குதிரை உன் பக்கம் சரிந்தது. மாலை ஒருபக்கமாக ஆட, குருக்கள் பாய்ந்து சுவாமியைப் பிடித்தார். நான் முழங்காலை மறந்து உள்ளே புகுந்து தோளைக் கொடுத்தேன். சுவாமி விழவில்லை, அது எங்கள் அம்மனுடைய கருணை. செல்லத்துரை அண்ணை உன்னைத் தொட்டு வெளியே எடுத்து, "தம்பி, நீர் குடையைப் பிடியும்" என்றார். குடை பிடிப்பதும் மரியாதைதான். ஆனால் மேற்கு வீதிக்கு வர முதலே அந்தக் குடை தாழ்ந்து தாழ்ந்து சுவாமியின் முகத்தை மறைத்துவிட்டது. உன்னால் கையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. அதையும் இன்னொருவன் வாங்கினான்.

ஒருவரும் உன்னை ஏசவில்லை. "கந்தோர்ப் பிள்ளை, பாவம், பழக்கமில்லை" என்று சொன்னார்கள். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர்கள் பாவம் பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் வலது கை விரல்கள் விறைத்துப்போய்க் கிடந்தன. அடுத்தநாள் விறைப்பு மாறாததால்தான் உன்னை இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனேன்.

அந்த டொக்டர் உன்னைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டு, தோளையும் கழுத்தையும் அமத்திப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "எலும்பில பிழை ஒண்டும் இல்லை. நெஞ்சுப் பக்கச் சதை இறுகிப்போச்சு, முதுகுப் பக்கச் சதை இழுபட்டுத் தளர்ந்துபோச்சு. தோள் முன்னுக்கு வந்ததால கைக்குப் போற நரம்பு நெரிபடுது. அதுதான் விறைக்குது." நீ மருந்து கேட்டாய். "மருந்தில்லை. இருக்கிற இருப்பை மாத்தும். சதையைப் பழக்கும். சுணங்கித்தான் திரும்பும், ஆனால் திரும்பும். விட்டீரெண்டால் பிறகு பேனை பிடிக்கவும் கஷ்டப்படுவீர்." பிறகு உன்னிடம், "கொழும்பில கிணத்தில அள்ளியே குளிக்கிறனீர்?" என்று கேட்டார். நீ, "இல்லை, பைப்" என்றாய். "அப்ப இஞ்சை நிக்கிற நாளையிலயாவது அள்ளும்" என்றார். நீ சிரித்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஐயா, சுவரில சாஞ்சு நில் எண்டு சொல்லுறதுக்கு ஒரு டொக்டரே?" என்று கேட்டாய். கசப்பாக ஒரு போத்தல் மருந்து தந்திருந்தால் பத்தியத்தோடு குடித்து முடித்திருப்பாய். நிமிர்ந்து இரு என்று சொன்னது உனக்குப் பகிடியாகப் போய்விட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. பைலைப் படுக்க வைக்காமல் சாய்த்து வைத்து எழுத, பலாப் பலகையில் ஒரு சாய்பலகை நானே சீவிச் செய்து, கொழும்புக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு நீ ஒரு வரி எழுதவில்லை. மருமகள்தான் உன் அம்மாவுக்கு எழுதினாள். "மாமி, மாமா அனுப்பின பலகை ரொட்டி தட்ட நல்ல வசதி." அந்தப் பிள்ளையில் பிழையில்லை. அது எதற்கென்று நீ அவளிடம் சொல்லவில்லை. ஏன் கந்தோருக்குக் கொண்டுபோகவில்லை என்று நான் கேட்டதற்கு, பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார்கள் என்று எழுதினாய். இடையிடையே எழும்பி நட என்றேன். எழும்பினால் பெரிய கிளாக்கர் முறைத்துப் பார்ப்பார் என்றாய். கதிரையைப் பதித்துப் போடு என்றேன். அரசாங்கக் கதிரை என்றாய். அரசாங்கத்தின் கதிரைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறாய், நான் பெற்ற தோளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

நாள் முழுக்க இருக்கிற வேலைக்கு இதுதான் கதி என்று நீ சொல்லுவாய். எங்கள் அளவெட்டியில் பிறந்து வளர்ந்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. இங்கே மேளக்காரர் ஒரு திருவிழாவுக்கு எவ்வளவு நேரம் சப்பாணி கட்டி இருக்கிறார்கள் என்று பார்த்தவன் நீ. ஒருத்தருக்காவது உன் முதுகு இருக்கிறதா? மடிந்து இருந்தால் நாதஸ்வரத்துக்கு மூச்சு வராது, அதனால் நிமிர்ந்து இருக்கிறார்கள். பேனைக்கு மூச்சுத் தேவையில்லை. அந்தத் துணிவில்தான் நீங்கள் எல்லோரும் மடிந்துபோகிறீர்கள்.

இவ்வளவும் நான் உரத்துச் சொல்லிக்கொண்டு முற்றத்தில் நடந்தபோது உன் அம்மா குசினிக்குள் இருந்து ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கள்தானே அவனைத் தோட்டப் பக்கம் எட்டிப் பாக்க விடேல்லை. மண்வெட்டியைத் தொட்டால் படிப்புக் கெட்டுப்போம் எண்டு கலைச்சனீங்கள் ஆர்?" உண்மைதான். அதோடு அவள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. விளக்கடியில் நீ படிக்கும்போது தலையை நிமிர்த்தினால் பராக்குப் பார்க்கிறாய் என்று குட்டினவன் நான். குனிந்த பிள்ளைக்குத்தான் படிப்பு ஏறும் என்று நினைத்தேன். எங்கள் சனம் முழுக்க அப்படித்தான் நினைத்தது. அது பிழை. ஒத்துக்கொள்கிறேன், அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே. அந்தக் குட்டு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு என் பக்கத்தில் நின்றபோது உன் தோள் என் தோளுக்கு மட்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்ததையும் என் தலையில் கட்டப் பார்க்காதே.

இப்போது உண்மையான விசயத்துக்கு வருகிறேன். மருமகள் போன மாதம் உன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் நீ மறைத்ததையெல்லாம் எழுதிவிட்டாள். காலையில் உன் சேட்டுப் பொத்தானை அவள்தான் பூட்டிவிடுகிறாளாம். தேத்தண்ணிக் கிளாஸ் உன் கையிலிருந்து தானாக விழுகிறதாம். விழும்போது நீ வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கிளாஸ் வழுக்கல் என்று சொல்லுகிறாயாம். அந்தப் பிள்ளை பயந்துபோயிருக்கிறது. எனக்கும் பயமாக இருக்கிறது, தம்பி. கோபம் என்று இவ்வளவு நேரம் எழுதியதில் பாதி பயம்தான். உன் சீவியமே அந்தக் கையில் இருக்கிறது. எழுத ஏலாத கிளாக்கரைக் கந்தோர் வைத்துக் கும்பிடாது. உனக்கு இன்னும் பிள்ளை குட்டி பிறக்கவில்லை. பிறக்கிற பிள்ளையை நீ எந்தக் கையால் தூக்கப் போகிறாய்?

டொக்டர் சொன்னதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. செய்து பார்க்காமல் உனக்குச் சொல்லக் கூடாதென்று நானும் விடிய எழும்பிச் சுவரோடு நிற்கிறேன். குதியும் பின்பக்கமும் தோளும் பிடரியும் சுவரில் முட்டவேண்டும். கையைச் சுவரோடு ஒட்டி மெல்ல மெல்ல மேலே ஏற்றி இறக்கவேண்டும். முதல் நாள் எனக்கே பிடரி முட்டவில்லை, பத்து வருடம் கந்தோரில் எழுதினவன்போல நின்றேன். உன் அம்மா வயிறு பிடித்துச் சிரித்தாள். இப்போது முட்டுகிறது. பிறகு கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சை முன்னுக்குத் தள்ளு, இறுகின சதை இழுபடும். குளிக்கிற துவாயை இரண்டு கையாலும் பிடித்து, தோள் எலும்பு இரண்டும் பின்னால் கிட்ட வரும்படி அகட்டி இழு. கந்தோரில் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, சாய்மானம் முட்டும்வரைக்கும் பின்னுக்குத் தள்ளி இரு, பாதம் நிலத்தில் படட்டும். ரொட்டிப் பலகையைக் கழுவிக் கந்தோருக்குக் கொண்டுபோ. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவனுடைய கை விறைக்கும்போது உன்னிடம்தான் வந்து கேட்பான். நெஞ்சைத் தள்ளிக்கொண்டு பொலிஸ்காரன்போல விறைத்து நிற்கச் சொல்லவில்லை. அதுவும் பிழை என்று டொக்டர் சொன்னார். நோகும். நோகிறதென்று எனக்கு எழுதாதே, எனக்கும் நோகிறது.

நேற்றுப் பின்னேரம் செல்லத்துரை அண்ணை வந்தார். "எப்பிடி, தம்பி தடிக்கு வாறானோ?" என்று கேட்டார். அவருக்குச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு, "இல்லை அண்ணை, நீங்கள் ஒரு ஆளைப் பாருங்கோ" என்றேன். நீ கேட்டது நடந்துவிட்டது. பக்கத்து வளவுப் பொடியன் எங்கள் இடத்தில் நிற்பான். நல்ல தோள், சும்மாடு தேவையில்லை. இந்த வருடம் சுவாமி சாயாமல் போகும், அது போதும்.

ஆனால் ஒன்றை யோசித்து வை. எனக்கு வயது போகிறது. ஒரு நாள் என்னைச் சுடலைக்குக் கொண்டுபோவார்கள். பாடை தூக்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே போனதும் கொள்ளிக்குடத்தில் தண்ணீர் நிரப்பி ஒரு தோளில் வைப்பார்கள். அந்தத் தோளோடு என்னை மூன்று தரம் சுற்றவேண்டும், குடம் வழுக்கக் கூடாது. செல்லத்துரை அண்ணை அங்கே வந்து மட்டம் பார்க்க மாட்டார். பக்கத்து வளவுப் பொடியனை நான் இப்போதே எவ்வளவு கேட்டு வைத்தாலும் அந்தக் குடத்தை அவன் தோளில் வைக்க விடமாட்டார்கள். எனக்கு மகன் நீ ஒருவன்தான்.

ஐயா